வீட்டிலும் பயணத்திலும் படமெடுக்க என்ன கேமரா வாங்கலாம்? கேள்வி-பதில்

கேள்வி: ஜன்னலோர வெயில், தூங்கும் பூனை, ரயில் நிலையக் கூட்டம் என்று தினமும் கண்ணில் படுவதைக் கைபேசியில் எடுத்துவருகிறேன். இப்போது ஒரு நல்ல கேமரா வாங்க ஆசை. “வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், ஃபுல் ஃபிரேமாகவே வாங்கிவிடுங்கள்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: நீங்கள் எடுக்கும் படங்களுக்கு அது தேவையில்லை என்பேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் (படம் பதியும் சில்லு) 36×24 மி.மீ. அளவுள்ளது. பெரிய சென்சாரில் அதிக வெளிச்சம் விழும், மங்கிய இடத்தில் எடுத்த படமும் சுத்தமாக இருக்கும். ஆனால் சென்சார் வளர்ந்தால் லென்ஸும் வளரும், எடையும் ஏறும். திருமணம், விளையாட்டு என்று திட்டமிட்டுக் கிளம்பிப்போய்ப் படமெடுப்பவர் அந்த எடையைச் சுமப்பார். நீங்கள் எடுப்பதோ முன்னறிவிப்பில்லாமல் வரும் காட்சிகள். பூனை கண் திறப்பதற்குள் கேமரா கைக்கு வந்தாக வேண்டும். பயணத்தில் நாள் முழுக்கத் தோளில் தொங்கினாலும் உறுத்தக் கூடாது.

அதற்கு ஏபிஎஸ்-சி சென்சார் (ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.) கொண்ட மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமரா தாராளமாகப் போதும். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (17.3×13 மி.மீ.) வகையைப் பாருங்கள். நல்ல கைபேசிகள் பலவற்றில் முதன்மை கேமராவின் சென்சாரே சுமார் 10×7 மி.மீ. தான். ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு அதைப்போல் ஐந்து மடங்கு. கைபேசியிலிருந்து மாறுபவருக்கு இந்தத் தாவலே பெரிது.

மெகாபிக்சலைக் காட்டி விலையை ஏற்றினாலும் மயங்க வேண்டாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரமான அச்சிலேயே 20×13 அங்குலப் படம் போடலாம். 4கே டிவியில் மொத்தமே 83 லட்சம் புள்ளிகள்தான்.

கடையில் விவரப் பட்டியலைப் படிப்பதோடு நிற்காமல், கேமராவை அணைத்துவைத்து, எடுத்து, ஆன் செய்து, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். விரல் பட்டனைத் தேடுகிறதா, தானாகப் போய் நிற்கிறதா? நீங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் பையைக் கையோடு எடுத்துச் சென்று, லென்ஸோடு சேர்த்து உள்ளே வைத்துப் பாருங்கள். பைக்குள் போகாத கேமரா வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.

கேள்வி: என்னிடம் கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. வெளியே படங்கள் அருமையாக வருகின்றன. வீட்டுக்குள் எடுத்தால் குழந்தையின் முகம் கலங்கிவிடுகிறது, இல்லையென்றால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. புது பாடி (லென்ஸ் சேராத கேமரா) வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். குறை லென்ஸில் இருக்கிறது.

உங்கள் லென்ஸை 50 மி.மீ. பக்கம் திருப்பினால், அதன் துளை அதிகபட்சம் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய துளை பெரிது). ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இதை உங்கள் வீட்டு அறையில் வைத்துப் பாருங்கள். மாலை நேரம், ஒரே ஒரு விளக்கு, தரையில் விளையாடும் குழந்தை. கிட் லென்ஸில் ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும், முகம் இழுபடும். அதே ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) எஃப் 1.8 லென்ஸ் போட்டால் 1/150 நொடி போதும். கண் இமை வரைக்கும் தெளிவாக விழும். ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதற்காக கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றும்போது வருவதுதான் நீங்கள் சொல்லும் புள்ளிகள்.

கேமரா ஆடாமல் பிடிக்க உதவும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், குழந்தையின் அசைவை நிறுத்தாது. வீட்டுப் படங்களுக்காக அந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எந்த மி.மீ. வாங்குவது என்ற பதில் உங்கள் பழைய படங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் அது எந்தக் குவியத்தூரத்தில் (லென்ஸின் மி.மீ. எண்) எடுக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கும். கணினியில் படத்தின் விவரங்களைத் திறந்தால் தெரியும். உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த எண்ணைப் பாருங்கள். பெரும்பாலானவை 18-24க்குள் இருந்தால் அகலமான லென்ஸ், 35 பக்கம் குவிந்திருந்தால் 35 மி.மீ. ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. காட்டும் காட்சியைத் தரும். அறைக்குள் பின்னால் நகர இடமில்லாதவர்களுக்கு 50ஐ விட 35தான் வசதி. இதைப் பார்க்காமல் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலி ஜூமை வாங்கி, அதை வெளியே எடுக்காமலே வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு லென்ஸ் நல்ல விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: லென்ஸைப் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனம்தான். பாடியைப் போல் அது சீக்கிரம் காலாவதியாவதில்லை. ஆனால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். கையில் ஒரு டார்ச் கொண்டுபோங்கள்.

இரண்டு மூடிகளையும் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், நாலு துகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்லிய நூல்கள் சிலந்தி வலையாகக் கிளைத்து ஓடினால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்திருந்தால், துடைத்த பிறகும் தடம் போகாது. அந்த லென்ஸை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே மூடுபனி படர்ந்த மாதிரித் தெரிந்தாலும் அப்படியே. துளையின் இதழ்களில் எண்ணெய் மினுமினுக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் உங்கள் கேமராவில் மாட்டி, செய்தித்தாள் ஒட்டிய சுவரையோ செங்கல் சுவரையோ நேருக்கு நேர் நின்று எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிடக் கலங்கியிருக்கலாம். அப்படியென்றால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது, பெரும்பாலும் கீழே விழுந்த லென்ஸாக இருக்கும்.

பாடியும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். சில பிராண்டுகளில் படக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகும். மூடியைப் போட்டு சில நொடிகள் நீளும் ஒரு படமும், எஃப் 16ல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படமும் எடுங்கள். முதலாவதில் பழுதான பிக்சல்கள் இருந்தால் ஒளிரும், இரண்டாவதில் சென்சார் அழுக்கு கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். அழுக்கைச் சுத்தம் செய்துகொள்ளலாம், அதற்காக வாங்காமல் விட வேண்டாம்.

வாங்கிய பின் தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருந்தால் பூஞ்சை வராது.

கேள்வி: மெமரி கார்டில் 200 எம்பி வேகம் என்று எழுதியிருக்கிறது. கேமராவில் அந்த வேகம் வரவே இல்லையே?

பதில்: பெரிய எழுத்தில் அச்சிடுவது கார்டிலிருந்து படிக்கும் வேகத்தை. கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்கு வி30, வி60 போன்ற குறிகளைப் பாருங்கள். வி30 என்றால் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும். நீங்கள் எடுக்கும் படங்களுக்கும் சாதாரண வீடியோவுக்கும் அது போதும்.

இதைவிடப் பெரிய தொல்லை போலிக் கார்டு. கேமராவில் 256 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது 16 ஆக இருக்கும். அது நிறைந்த பிறகு எடுப்பதெல்லாம் தொலையும், அதுவும் பயணத்தின் நடுவில். புதுக் கார்டை ஊருக்குக் கிளம்பும் முன்பே முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: விமானப் பயணத்துக்கு உதிரி பேட்டரிகளும் பவர்பேங்கும் வாங்கப்போகிறேன். எவ்வளவு வரை அனுமதி?

பதில்: உதிரி லித்தியம் பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மேல் கிடையாது.

கணக்கு எளிது. வோல்ட்டை எம்ஏஎச்சால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச் கேமரா பேட்டரி வெறும் 16.4 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் 3.7 வோல்ட்டில் 74, அதுவும் சரி. 30,000 என்றால் 111 ஆகி வரம்பைத் தாண்டும். வாட்-மணி அச்சிடாத பவர்பேங்கை வாங்கவே வேண்டாம், சோதனையில் பிடுங்கிவைத்தால் வாதாட உங்களிடம் எதுவும் இருக்காது. உலோக முனைகள் சாவி, நாணயத்தோடு உரசாதபடி ஒவ்வொரு பேட்டரியையும் உறையில் போடுங்கள். 2025 முதல் சில நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர்பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன. எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு இருக்கலாம், டிக்கெட் போட்ட நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

ஃபிலிமில் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சுருளைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். கைப்பையைச் சோதிக்கும் புதிய சிடி (CT) ஸ்கேனர்கள் வேகம் குறைந்த (ஐஎஸ்ஓ எண் சிறிய) ஃபிலிமையும் கெடுக்கும். கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்குப் போகும்போது கேமரா மலிவாகக் கிடைத்தால் வாங்கிவரலாமா?

பதில்: லென்ஸோ பாடியோ, வாரண்டி அட்டையில் எந்த நாட்டுக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். அதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். பாடிகளுக்குப் பெரும்பாலும் வாங்கிய நாட்டில் மட்டும்தான் இலவசப் பழுதுநீக்கம். விலை வித்தியாசத்திலிருந்து சுங்க வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். கையில் நிற்பது சொற்பம் என்றால் உங்கள் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கினால் பட்டன்கள் கைக்குப் பழகியும் இருக்கும்.