மூன்று படி இறங்க யாரிடம் கேட்பது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்க வீட்டுக்காரர் தோட்டத்துல சவுக்கு மரத்துல ஏறி கொப்பு கழிக்கிற வேலை செஞ்சவரு. போன வருசம் வேலை நேரத்துல மரத்துல இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லாம போச்சு. திகன புனர்வாழ்வு வைத்தியசாலையில வச்சிருந்து, வீல்செயார் ஒண்ணோட வீட்டுக்கு அனுப்புனாங்க. எங்களுக்கு லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) கடைசி காம்பரா. இஸ்தோப்புல (முன் திண்ணையில) இருந்து இறங்க மூணு படி. கக்கூஸ் பின்பக்கம், கான் (வடிகால்) தாண்டிப் போகணும். என் தம்பியும் பக்கத்து வீட்டு அண்ணனும் தூக்கிட்டுப் போறாங்க. அவங்க வேலைக்குப் போயிட்டா, வர்ற வரைக்கும் இவரு தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாரு. வீட்டைத் திருத்த காசு உதவி இருக்குன்னு சொல்றாங்க. யாருகிட்ட போறது? எனக்கு 14 வருச ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இருக்கு, அதுல எடுக்கலாமா?
ஒரு வாசகி, பொகவந்தலாவ

பதில்: தங்கச்சி, காசுக் கதைக்கு முதல் தண்ணீர்க் கதை. முதுகுத்தண்டு அடிபட்டவர் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரில் கிருமி சேரும், காய்ச்சல் வரும், சிறுநீரகம் வரைக்கும் போகும். அதனால் வீட்டுத் திருத்தத்தில் உங்களுக்கு முதலாவது மலசலகூடம், படி இரண்டாவது. அது கட்டி முடியும் வரை கொமோட் கதிரை ஒன்று காம்பராவுக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படுவார். நாலு நாளில் பழகிவிடும். கிளினிக் போகும்போது இந்தக் கதையை டொக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி ஆபிஸ் விசயம். உங்கள் பிரதேச செயலகத்தில் (டி.எஸ். ஆபிசில்) சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம்தான் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீடு திருத்தவும் மலசலகூடம் கட்டவும் உதவி கொடுக்கிறது. அந்த விண்ணப்பம் அவர் கையால்தான் மேலே போகும். மாகாண சமூக சேவைத் திணைக்களத்திலும் உதவிகள் உண்டு, இரண்டையும் ஒரே நாளில் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், டொக்டரின் அறிக்கை, இரண்டு பேருடைய அடையாள அட்டைப் பிரதிகள், படியையும் கானையும் காட்டும் போட்டோ இரண்டு, இவ்வளவையும் ஒரு பைலில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். அரசியலமைப்பே தந்திருக்கிற உரிமை அது, யாரும் முகம் சுளித்தாலும் கண்டுகொள்ள வேண்டாம்.

கோப்பு சிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. "காணி யார் பெயரில்?" என்று கேட்பார்கள். நாம் நாலு தலைமுறையாக இருந்தாலும் லயம் நம் பெயரில் இல்லை. நிலம் அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதனால் டி.எஸ். ஆபிசுக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்து ஆபிசுக்குப் போங்கள். "இந்தக் காம்பராவுக்குச் சாய்தளமும் மலசலகூடமும் கட்ட நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இல்லை" என்று துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையெழுத்தோடும் சீலோடும் ஒரு கடிதம் வாங்குங்கள். "கட்டிக்கோங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று வாயால் சொன்னால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். துரை மாறுவார், கடிதம் மாறாது. தொழிற்சங்கத் தலைவரைக் கூடவே கூட்டிப் போங்கள். மாதாமாதம் சந்தா கொடுப்பது இதற்கெல்லாம்தானே.

நான் 22 வருடம் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்தவள். ஆரம்பத்தில், சீனி வியாதியில் கால் எடுத்த ஒரு பெரியவருக்கு வீல்செயார் சிபாரிசு செய்தேன். கையளித்தபோது மாலை போட்டுப் படமும் எடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கதிரை இஸ்தோப்பு மூலையில் நிற்கிறது, அதன் மேல் கொழுந்துக் கூடையும் ஈரக் கம்பளியும். பெரியவர் உள்ளே பாயில் கிடந்தார். அவர் வாசலில் எத்தனை படி என்று நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து என் பையில் அளவு நாடா இல்லாமல் எந்த லயத்துக்கும் போனதில்லை.

நீங்களும் அளந்து எழுதுங்கள். "உதவி செய்யவும்" என்று மட்டும் எழுதிய கடிதத்தை யாரும் எடுத்து வாசிப்பதில்லை. ஒரு படி 7 அங்குலம் என்றால் மூன்று படிக்கு 21 அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பதுதான் சாய்தளக் கணக்கு, ஆக 21 அடி வேண்டும். லய முற்றத்தில் நேராக 21 அடி எங்கே இருக்கிறது? பாதியிலேயே கான் வந்துவிடும். நல்லவேளை உங்களுடையது கடைசி காம்பரா. இஸ்தோப்பின் பக்கத்துச் சுவரை உடைத்து, லயத்தின் ஓரச் சுவரோடு பின்பக்கமாக இறக்கினால் அந்த நீளம் கிடைக்கும், அடுத்த வீட்டு வாசலும் மறையாது. கக்கூசுக்குப் போகும் வழியும் அதுவேதான். இரண்டு ஓரத்திலும் மூன்று அங்குலத்துக்கு வரம்பு கட்டச் சொல்லுங்கள், சில்லு நழுவாது. பாஸ் (கொத்தனார்) சீமெந்தை வழவழவென்று தேய்க்கத்தான் பார்ப்பார், விடாதீர்கள். நம் மழைக்கு ஒரே மாதத்தில் பாசி பிடிக்கும். ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்தால் போதும். கதவு நிலையையும் அளங்கள். கதிரைக்கு இரண்டு பக்கமும் கை முட்டி உரசாத அகலம் வேண்டும்.

உங்கள் ஈ.பி.எஃப். பற்றி: 10 வருடத்துக்கு மேல் பணம் கட்டி, கணக்கில் 3 இலட்சமாவது இருந்தால், வீட்டுத் தேவைக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் தொடாதீர்கள். இனி அந்த வீட்டில் உழைப்பது உங்கள் ஒரு கை. உங்கள் கணவருடைய பணம் வேறு கதை. நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்திய சான்று இருந்தால் அவர் ஓய்வு வயது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முழுவதையும் கேட்கலாம்.

அதைவிடப் பெரியதை நீங்கள் கேட்கவே இல்லை. வேலை நேரத்தில் விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி அவருக்கு நட்டஈடு உண்டு. 2022இல் அதன் உச்சத் தொகையை 20 இலட்சமாக உயர்த்தினார்கள். சம்பளத்தையும் ஊனத்தின் அளவையும் வைத்துத்தான் தொகை முடிவாகும். வருடம் ஒன்றாகிறது, இனியும் ஆறப்போடாமல் இந்த வாரமே சங்கத்தோடு சேர்ந்து தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோருங்கள். அன்றைய பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) அவர் பெயர் விழுந்த பதிவும் டிஸ்பென்சரித் துண்டும் மிக முக்கியம்.

அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரித் திட்டம் மூலம் வரும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தோடு மாதம் 7,500 இலிருந்து 10,000 ரூபாவானது. இன்னும் பதியவில்லை என்றால் அதையும் அதே பயணத்தில் முடியுங்கள். கோப்பு அசையாமல் கிடந்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் "என் விண்ணப்பம் இப்போது யாரிடம்?" என்று ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தத் தாளைக் கண்டதும் தூங்கிக்கொண்டிருந்த பைல் எழுந்து உட்கார்ந்ததை நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி புது வீடு வரப்போகுது. மாமியாருக்குக் கண் தெரியாது. வீட்டை மாற்றிக் கட்டச் சொல்லலாமா?
ஒரு வாசகர், ஹப்புத்தளை

பதில்: சொல்லலாம், அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னால். 550 சதுர அடி வீட்டில் சுவர் எழும்பிய பிறகு மாற்ற இடமிருக்காது. மாமியாரின் அறைக் கதவிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் ஒரே சுவராக வரட்டும், கையால் தடவிக்கொண்டே போய்விடுவார். படி எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கண் தெரியாதவரை விழுத்துவது அரை அங்குல வித்தியாசம்தான். பாஸ் நூல் பிடிக்கிற அன்றைக்கு மாமியாரையும் கூட்டிப் போய் அந்த இடத்தில் நடக்க விடுங்கள்.