எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன சொல்லிக் கொடுக்கலாம்? – கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

பேட்டை, ஒரு தாய்: டீச்சர், எம் மவன் எல்கேஜி. மூணே முக்கா வயசு. பென்சிலத் தொட மாட்டேங்கான். ஸ்கூல்ல நாலு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லுதாவ. கையப் புடிச்சுத்தான் எழுத வைக்கேன்.

முதலில் அதை நிறுத்துங்கள், தங்கச்சி. நீங்கள் கையைப் பிடித்து எழுதும்போது அவன் கை சும்மா இழுபடுகிறது. எங்கே தொடங்கணும், எங்கே திரும்பணும் என்று அவன் யோசிக்கவே இல்லை. நோட்டுதான் நிறையும்.

இந்த வயசில் மணிக்கட்டு எலும்புகள் முழுசாக உருவாகியிருக்காது, விரலில் பலமும் குறைவு. அதனால் பெரிய அசைவில் தொடங்கிச் சின்ன அசைவுக்கு வரணும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷும் கொடுத்து, வெளிச் சுவரில் தலைக்கு மேலிருந்து முட்டி வரை கோடு போடச் சொல்லுங்கள். அடுத்தது மாவு. சப்பாத்திக்குப் பிசையும்போது கொஞ்சம் கொடுத்தால் நெல்லிக்காய் அளவு உருண்டை பத்து உருட்டட்டும். துணி கிளிப்பைக் கிண்ணத்தின் விளிம்பில் மாட்டிக் கழற்றுவதும், மொச்சை உரிப்பதும் பென்சில் பிடிக்கிற அதே விரல்களுக்கான வேலைதான். தினமும் பத்து நிமிஷம் போதும்.

பிறகு கிரயான். முழுசாகக் கொடுக்காமல் உடைத்துக் கட்டைவிரல் நீளத் துண்டாகக் கொடுங்கள். நீளமானதை மொத்தக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். குட்டைத் துண்டை மூணு விரலால்தான் பிடிக்க வரும். பென்சில் எல்லாவற்றுக்கும் கடைசி.

எழுத்தை எதில் தொடங்குவது என்பதும் முக்கியம். ‘அ’வில் சுழி, வளைவு, படுத்த கோடு, நிற்கும் கோடு எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கின்றன. எழுத ஆரம்பிக்கிற கைக்கு அது பாரம். ‘ட’ ஒரு நிற்கும் கோடு, ஒரு படுத்த கோடு, அவ்வளவுதான். அது வந்தால் ‘ப’. அது வந்தால் ‘ம’வும் ‘ய’வும் பக்கத்தில்தான். விஜயதசமிக்கு நெல்லில் ‘அ’ எழுத வைத்திருப்பீர்கள். அது நல்ல வழக்கம், நெல்லில் விரல் உரசுவதும் நல்லது. ஆனால் மறுநாள் காலை நோட்டில் அதே ‘அ’வை எதிர்பார்க்காதீர்கள்.

நாலு பக்கத்துக்கு நோட்டிலேயே பதில் எழுதிக் கொடுங்கள்: “நாலு வரி எழுதினான், கை வலிக்கிறது என்றான், நிறுத்திவிட்டோம்.” எந்த ஆசிரியைக்கும் இது புரியும்.

முக்கூடல், ஒரு தாய்: நாள் பூரா பீடி சுத்துறேன் டீச்சர். பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்க நேரமில்ல. எம் பிள்ள பின்னால போயிருமோன்னு பயமா இருக்கு.

கை வேலையாக இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது அக்கா, அது போதும். வாசிக்க வரும் பிள்ளைக்கு முதலில் தேவை காது. ஒரு சொல்லுக்குள் என்னென்ன ஓசை இருக்கிறது என்று கேட்கத் தெரியணும். அதற்கு நோட்டு வேண்டாம்.

முதல் வாரம் கைத்தட்டு. நீங்கள் சொல்ல, அவள் தட்டணும். நெல்-லை, ரெண்டு தட்டு. பா-ப-நா-சம், நாலு. தா-மி-ர-ப-ர-ணி, ஆறு. எழுத்தை எண்ண வேண்டாம், ஓசையை எண்ணணும். ‘அம்மா’வில் எழுத்து மூணு, தட்டு ரெண்டு. அடுத்தது தொடக்க ஓசை. “மணி, மாடு, முறம். இன்னொண்ணு சொல்லு பாப்போம்.” அதற்கடுத்தது முடிவு ஓசை: பல், கல், வில். யூகேஜி வந்ததும் கொஞ்சம் கடினமாக்கலாம். “பாபநாசத்துல ‘பா’வ எடுத்துட்டா மிச்சம் என்ன?” சட்டென்று சொல்லிவிட்டால் வாசிப்பு தூரத்தில் இல்லை. இவற்றோடு ராத்திரி ஒரு விடுகதை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளையைப் பீடி முறத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், இலை வெட்டவும் விடாதீர்கள். புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறும். வாசல் பக்கம் காற்றோட்டமாக உட்காரட்டும். சோறு ஊட்டும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பாளையங்கோட்டை, ஒரு தந்தை: நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுதான். ஆறு மாங்கா எடுத்துட்டு வாடான்னா கை நிறைய அள்ளிட்டு வாரான்.

நூறு வரை சொல்வது பாட்டு மாதிரி, அண்ணாச்சி. எண்ணுவது வேறு. பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். பதினாலு குழியும் குழிக்கு அஞ்சும் இப்போது வேண்டாம். ஒரு பக்கத்து ஏழு குழி போதும், குழிக்கு ஒரு புளியங்கொட்டை. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது கைக்குப் புரியும் இடம் அதுதான். பிறகு ஏழையும் தரையில் வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடியும் ஒண்ணிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. ‘ஏழு’ என்றால், கொட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் எண்ணாமல் ‘ஏழு’ என்றால் ஒரு படி ஏறிவிட்டான். “ஆறு எடுத்துட்டு வா” அதற்கும் மேல் படி. ஆறில் நிறுத்தணும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எடுக்கணும். எல்கேஜிக்குப் பத்து வரை இது உறுதியாக வந்தால் நிறைவு.

எண்பத்தொன்பதுக்குப் பிறகு தடுமாறினால் திட்டாதீர்கள். இருபது, முப்பது என்று வந்த வரிசை அங்கே திடீரென்று ‘தொண்ணூறு’ என்று மாறுகிறது. தடுமாறுவது அவன் ஒழுங்கைக் கண்டுபிடித்ததற்கு அடையாளம்.

வீட்டில் மூணு வயசுக்கும் குறைந்த குழந்தை இருந்தால், விளையாடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். மூக்கிலோ தொண்டையிலோ போனால் ஆபத்து.

களக்காடு, ஒரு தாய்: கேட்டுல விட்டதும் அழுதா. தெரியாம நழுவி வந்திரலாமா?

நழுவாதீர்கள். “மணி அடிச்சதும் அம்மா வருவேன்” என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

சேரன்மகாதேவி, ஒரு தாய்: அங்கன்வாடியில ஆட்டமும் பாட்டும்தான். காசு கட்டி எல்கேஜி சேக்கணுமா?

ஆட்டம் பாட்டம்தான் பாடம். சிவப்பு மணி, நீல மணி என்று மாற்றி மாற்றிக் கோர்ப்பது கணக்கு. கதை கேட்டு “அடுத்து என்ன ஆச்சு?” என்று சொல்வது மொழி. கை கழுவ வரிசையில் நிற்பதும் பாடம்தான். நம் அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டமே உண்டு. 2019 முதல் பல அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜியும் நடக்கிறது. நேரில் போய் அரை மணி பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, கையில் பொருள் இருக்கிறதா? இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

பெருமாள்புரம், ஒரு தந்தை: இங்கிலீஷ் மீடியம் என்பதால் வீட்டிலும் இங்கிலீஷில்தான் பேசுகிறோம். எங்கம்மா மட்டும் “ஏலே, இங்க வா, என்னல செய்யுத” என்கிறார். பிள்ளையின் உச்சரிப்பு கெடாதா?

கெடாது. அம்மாவைத் தடுக்காதீர்கள். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் ‘கம், சிட், ஈட்’ என்று கட்டளை மட்டும்தான் மிஞ்சும். “ஏன் மழை வரல?”, “அந்தப் பூனைக்குக் கோவமா?” போன்ற பேச்சு நின்றுபோகும். பிள்ளைக்குச் சொல் சேருவது அந்தப் பேச்சில்தான்.

கல்லிடைக்குறிச்சி, ஒரு ஆச்சி: நல்லாச் சொன்னிய. நாங்க பேசிப் பேசித்தான பிள்ளைய பேசிச்சு. இப்ப எங்கள வாயத் தொறக்காதிங்காவ.

பெருமாள்புரம் தந்தை: பேச்சு சரி. எழுத்தின் ஓசைகளைச் சேர்த்து வாசிக்கும் ஃபோனிக்ஸ்? மற்ற பிள்ளைகள் ‘கேட், பேட்’ (cat, bat) என்று வாசிக்கும்போது இவன் பின்தங்குவானே?

ஃபோனிக்ஸுக்குத் தமிழ்தான் ஏணி. க் + ஆ = கா, ம் + ஆ = மா. ஓசைகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் வேலை நம் உயிர்மெய்யிலேயே இருக்கிறது. ‘சி, ஏ, டி’ என்று எழுத்தின் பெயரைச் சொன்னால் ‘கேட்’ வராது. ‘கெ, ஏ, டெ’ என்று சொன்னாலும் வராது, மெய் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு உயிர் ஒட்டிக்கொள்கிறது. க்-ஏ-ட் என்று மெய்யாகச் சொன்னால்தான் ஒட்டும். புள்ளி வைத்த எழுத்து தெரிந்த பிள்ளைக்கு அது சுலபம்.

வள்ளியூர், ஒரு இங்கிலீஷ் ஆசிரியை: ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘பால்’, ‘பஸ்’ ரெண்டுக்கும் தமிழில் ஒரே ‘ப’. என் வகுப்பில் ‘பென்’னும் (pen) ‘பெட்’டும் (bed) குழம்புகிறது.

நீங்கள் சொல்வது சரி, அங்கே தமிழ் எழுத்து உதவாது. ஆனால் பிள்ளை பேசும்போது ரெண்டையும் வேறாகத்தான் சொல்கிறது. எழுத்தைக் காட்டாமல் ஓசையில் தொடங்கலாம். விரல் அகலக் காகிதத் துண்டை உதட்டுக்கு முன் தொங்கவிடுங்கள். இங்கிலீஷ் ‘பென்’னுக்குக் காற்று பாய்ந்து காகிதம் ஆடணும், ‘பெட்’டுக்கு ஆடக் கூடாது. நாம் ‘ப’வைக் காற்றில்லாமல் சொல்லிப் பழகியவர்கள், அதனால் முதல் சில நாள் பெரியவர்களுக்கே ஆடாது.

பெருமாள்புரம் தந்தை: எனக்கே ஆடவில்லை. சரி, அம்மா பேசட்டும்.

வீரவநல்லூர், ஒரு தாய்: யூகேஜி. எழுத மாட்டேங்கா. கையப் புடிச்சு…

பேட்டைத் தாய்க்குச் சொன்னதுதான். கையைப் பிடிக்காதீர்கள்.

நாங்குநேரி, ஒரு தந்தை: 25 சதவீத இலவச ஒதுக்கீட்டுக்கு எப்ப விண்ணப்பிக்கணும்?

அதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள், அண்ணாச்சி.

அம்பாசமுத்திரம், ஒரு தாய்: சிலேட்டுக் குச்சியத் தின்னுதான். அடிச்சும் கேக்கல.

அடிக்காதீர்கள். ரத்தசோகை இருந்தாலும் இப்படித் தின்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள், பூச்சி மருந்தும் கேளுங்கள். அதுவரை சிலேட்டில் ஈரத்துணியால் எழுதட்டும்.

மேலப்பாளையம், ஒரு தாய்: நாலு வயசு. ரயில ‘லயில்’ங்கான்.

‘ர’வும் ‘ழ’வும் தாமதமாக வரும் ஓசைகள், காத்திருங்கள். “ஆமா, ரயில் வருது” என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும், மறுபடி சொல்ல வைக்க வேண்டாம். ஆனால் அவன் பேசுவதில் பெரும்பகுதி வெளியாளுக்குப் புரியவில்லை என்றால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

தென்காசி, ஒரு தந்தை: மகள் எழுத மாட்டேங்கா. ரெண்டு அடி போட்டா எழுதுதா.

பயத்தில் எழுதும் கை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், சீக்கிரம் வலிக்கும், மறுநாள் இன்னும் வெறுக்கும். அடி வேண்டவே வேண்டாம். மீதியை முதல் கேள்வியில் பாருங்கள். இதையே கேட்கும் மூணாவது ஆள் நீங்கள்.

பத்தமடை, ஒரு தாய்: எம் மவ இடது கைக்காரி. மூணையும் ஏழையும் திருப்பிப் போடுதா. வலது கைக்கு மாத்தணும்ங்கா மாமியார்.

மாற்றக் கூடாது. திருப்பிப் போடுவதற்கும் இடது கைக்கும் சம்பந்தமில்லை. ஏழு வயசு வரை எந்தக் கைப் பிள்ளையும் திருப்பிப் போடும். ‘தப்பு’ என்று அழிக்காமல், பக்கத்தில் சரியான மூணை எழுதி, “தொடங்குற இடம் எது?” என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். நோட்டின் மேல் முனை வலது பக்கம் சாயும்படி வையுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து ரெண்டு விரல் அகலம் தள்ளிப் பிடிக்கட்டும், இல்லையென்றால் எழுதியதை அவள் கையே மறைக்கும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லி நாளைக்கே ஆசிரியையிடம் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது.