எருக்கிலையின் வெண்பூச்சு எங்கே போயிற்று?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் முதுகலைத் தாவரவியல் மாணவி நான். வேலியோரத்து எருக்கிலையைக் திசுவை நிலைப்படுத்தும் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்து, எத்தனாலில் நீர் நீக்கி, கிரிட்டிக்கல் பாயிண்ட் முறையில் உலர்த்தி, தங்கம் பூசி, ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். இலைத்துளைகள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் விரலில் மாவாக ஒட்டும் வெண்பூச்சைக் காணவில்லை. ஆங்காங்கே வெண்கோடுகள் வேறு. பிழை எங்கே?

பதில்: பிழை என்று சொல்வதற்கில்லை, இலைத்துளைக்கு ஏற்ற முறையை மெழுகுக்கும் கையாண்டிருக்கிறீர்கள். கருவியின் அறை வெற்றிடம் என்பதால் ஈர இலையை அப்படியே வைக்க இயலாது. காற்றில் உலரவிட்டாலோ, வற்றும் நீரின் பரப்பு இழுவிசை செல்சுவர்களை உள்ளிழுத்துச் சப்பையாக்கிவிடும். கிரிட்டிக்கல் பாயிண்ட் முறை இதைத் தவிர்க்கவே: எத்தனாலுக்குப் பதிலாகப் புகுத்தும் திரவக் கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியசுக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுசென்றால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்து அந்த இழுவிசை இல்லாமல் போகிறது. உங்கள் இலைத்துளைகள் உருக்குலையாமல் நின்றது அதனால்தான். ஆனால் அந்த வெண்பூச்சு மெழுகு. எத்தனால் அதைக் கரைக்கக்கூடியது. எஞ்சியதைத் திரவக் கார்பன் டை ஆக்சைடும் அரித்திருக்கும்.

ஆகவே அடுத்த முறை இரண்டு துண்டுகள் எடுங்கள். ஒன்று பழைய வழியிலேயே போகட்டும். மற்றொன்றை எந்தக் கரைப்பானிலும் இடாமல், சிலிக்கா ஜெல் உள்ள உலர்கலனில் வைத்து உலர்த்துங்கள். செல்கள் சற்றுச் சுருங்கினாலும் மெழுகு தங்கும். வெட்டுமுன் இலையைக் காய்ச்சிவடித்த நீரில் மெல்ல அலசிவிடுவது நல்லது; மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அள்ளிவரும் புழுதியை மெழுகுத் துணுக்கென்று எண்ணி ஏமாறுவது எளிது. வெட்டியதும் விளிம்பில் முத்துமுத்தாகப் பால் கசியும். அது பரப்பில் வழிந்து காய்ந்தால் பிசின் பூசியதுபோல் எல்லாவற்றையும் மூடிவிடும். வடிதாளின் நுனியால் விளிம்பிலேயே ஒற்றி எடுங்கள். (எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாடி அணியுங்கள்.) பரப்பில் விரல் படக் கூடாது, இடுக்கியாலும் ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும்.

வெண்கோடுகள், நுண்ணோக்கியின் எலக்ட்ரான்கள் வழிந்தோட வழியின்றி இலையில் மின்னூட்டம் தேங்கியதால் வந்தவை. இளம் எருக்கிலையின் பஞ்சு ரோமங்களுக்கு அடியில் தங்கப் பூச்சு சரியாக எட்டுவதில்லை. பூசும்போது ஸ்டப்பை (இலைத்துண்டை ஒட்டிவைக்கும் சிறு உலோகத் தாங்கியை) சாய்த்துச் சுழற்றச் சொல்லுங்கள். இலை விளிம்பைச் சில்வர் பெயிண்டால் ஸ்டப்புடன் இணையுங்கள். அப்படியும் கோடு விழுந்தால் பூச்சைத் தடிமனாக்காமல், எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தத்தை 5 கிலோவோல்ட்டுக்கும் கீழே குறைத்துப் பாருங்கள்.