வளவு (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி) பொது, துப்பாக்கி பொது இல்லை: வாசகர் கேள்விகள்

ஐயா காலமாகிவிட்டார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி இரண்டாங்கட்டு அறையில் இருக்கிறது. பங்காளிகள் ஐந்து பேர். பொதுவில் இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? (கானாடுகாத்தான்)

கூடாது. உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஐயாவின் உரிமம் அவரோடு முடிந்தது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நீங்களாகக் காரில் தூக்கிப்போட்டுக் கிளம்பாதீர்கள். முதலில் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

பிறகு வாரிசுகளில் ஒருவர், மற்றவர்களின் ஆட்சேபமில்லாக் கடிதத்தோடு, ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம் வரை சிறை. "பழசுதானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்ற நினைப்பில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

உரிமம் என் பெயரில் இருக்கிறது. துப்பாக்கியை வைக்க, பெட்டகசாலையில் உள்ள கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி போதுமா? (தேவகோட்டை)

போதாது. பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்று, உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே எஸ்-2 படிவத்தில் உறுதி கொடுக்கிறோம். கண்ணாடிக் கதவு அதற்கு ஈடாகாது. இரும்பு அலமாரியைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். நம் வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. விரிந்து பிடிக்கும் போல்ட்டைக் காரையில் அடித்தால் பொடிந்து கழன்றுவிடும். செங்கல்லின் நடுவில் துளையிட்டு, ரெசின் பசை ஊற்றிப் பதியுங்கள். மேல்பூச்சைக் கடக்கும்வரை டிரில்லில் சுத்தியல் விசையைப் போடாதீர்கள், பூச்சு பாளம் பாளமாக உதிரும்.

வைக்குமுன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி வைப்பது இன்னும் நல்லது. தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. சாவி உங்களிடம்தான் இருக்க வேண்டும். சாமி அறை ஆணியில் தொங்கினால் பூட்டி என்ன பயன்?

தோலுறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், குழல் துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, உறையில்லாமல் வையுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கலாமா? (பள்ளத்தூர்)

மரக்கட்டையில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். ஈரச் சந்தனம் காய்வதற்குள் துரு பிடித்துவிடும். பூஜையிலும் தோட்டா இல்லாமல்தான், உங்கள் கண் பார்வையில்தான்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வீட்டுக் காவல்காரரிடம் சாவி கொடுக்கலாமா? (காரைக்குடி)

வீட்டுச் சாவி கொடுங்கள், அலமாரிச் சாவி வேண்டாம். உரிமமில்லாதவர் கைக்குத் துப்பாக்கி போனால் அவரும் குற்றவாளி, நீங்களும் பதில் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால், உரிமம் பெற்ற கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஊருக்கு வரும்போது அலமாரி உடைந்து கிடந்தால் எதையும் தொடாமல் உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். துப்பாக்கி எண்ணைக் குறித்த தாள் அப்போது கையில் இருக்க வேண்டும், அலமாரிக்குள் அல்ல.