மை மேல் தப்பு இல்லை: கையால் செய்யும் பொங்கல் வாழ்த்து

கேள்வி: இந்தப் பொங்கலுக்குச் சொந்தக்காரர்களுக்கு 60 வாழ்த்து அட்டைகளை நானே செய்து தபாலில் அனுப்ப ஆசை. ஹேண்ட்மேட் பேப்பர் வாங்கி, ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து அடித்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஊறித் தடித்துப்போகிறது. கடைக்காரர் வெளிநாட்டு மை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: வாங்காதீர்கள். கோளாறு தாளில் இருக்கிறது. தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு முப்பது வரை எண்ணுங்கள். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் நல்ல தாள். விட்ட உடனே உறிஞ்சிக்கொண்டால் அது மையொற்றும் தாளுக்குச் சமம். எந்த நாட்டு மையும் அதில் ஊறத்தான் செய்யும்.

அதற்காகக் கையால் செய்த தாளே ஸ்டாம்புக்கு ஆகாது என்று சொல்லிவிடக் கூடாது. பனியன் கம்பெனி வெட்டுத் துணி போன்ற பருத்திக் கழிவைக் கூழாக்கி, வலை கட்டிய சட்டத்தில் அள்ளி, பிறகு பசை ஏற்றிய தாள் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் நன்றாகச் செய்கிறார்கள். பசை ஏற்றுவதுதான் விஷயமே. அந்தப் பசை நாருக்கு நடுவே மையை ஓடவிடாது. முகம் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் அடியில் நாலைந்து மடிப்புச் செய்தித்தாள் வைத்து, நிதானமாக அழுத்த வேண்டும். அப்படி விழுந்த அச்சின் அழகு வேறு எந்த அட்டையிலும் வராது. ஆனால் ‘ஹேண்ட்மேட்’ என்று சீட்டு ஒட்டியதெல்லாம் இந்த ரகம் இல்லை. மில் தாளில் பூவிதழ் தூவி விற்பவர்கள் நிறைய. இதைக் கேட்க ஆளே இல்லை.

வாங்கிய தாளை வீணாக்க வேண்டாம். விசிட்டிங் கார்டு அடிக்கும் ஐவரி அட்டையில் வாழ்த்தை அடியுங்கள். காய்ந்ததும் வெட்டி, உங்கள் தாளின் மேல் டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். ஃபெவிகால் தடவினால் தாள் அப்பளமாக நெளியும். பளபளக்கும் ஆர்ட் அட்டை பக்கம் போகாதீர்கள். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மை அதில் லேசில் காயாது, விரல் பட்டாலே இழுசும். ஸ்டாம்பைப் பேடில் குத்தவும் கூடாது. ஸ்டாம்பைத் திருப்பிப் பிடித்து, பேடால் அதன் மேல் ஒத்தடம் கொடுப்பதுபோல ஒத்தியெடுங்கள்.

ஸ்டாம்ப் ஆர்டர் பிடிப்பவர்களிடம்தான் அதிகம் ஏமாறுகிறோம். பல கடைகளில் ஆர்டரை மட்டும் வாங்கி, வேறு எங்கோ செய்யக் கொடுப்பார்கள். தமிழ் தெரியாத கையில் அது போய்ச் சேர்ந்தால் புள்ளி காணாமல் போகும். எனக்கு ஒருமுறை ‘வாழ்த்து’ என்பது ‘வாழத்து’ என்று வந்தது. மறுபடி செய்ய முழுப் பணமும் கேட்டார்கள். ரப்பரில் எடுக்கும் முன் புரூஃப் (மாதிரி அச்சு) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் ‘வா’வின் சுழியிலும் ‘க’வின் வயிற்றிலும் மை அடைத்துக்கொள்ளும். பெட்டி பெட்டியாக விற்கும் ‘கிட்’டும் வேண்டாம். குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய் அருமையான ஐந்திதழ்ப் பூ அச்சு. ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு அடியுங்கள்.

கடைசியாகத் தபால். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராமுக்கு ஒரு படியாகக் கட்டணம் ஏறும். 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) ஏ4 தாள் ஒன்றே ஏறக்குறைய 16 கிராம். அதை மடித்து, அலங்காரத் தாள் ஒட்டி, உறையில் போட்டால் 20 தாண்டிவிடும். பாதி ஏ4-ஐ மடித்துச் செய்தால் கவலையில்லை. எங்கள் ஊர்க் கவுன்டரில் எடை போடாமலே ‘ஒரு தபால்தலை போதும்’ என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஒட்டாமல் விட்ட தொகையைப்போல் இரு மடங்கை என் அத்தை தண்டம் கட்டி அந்த வாழ்த்தை வாங்கினார். நீங்கள் கேட்டு எடை போடச் சொல்லுங்கள். கல், முத்து எதுவும் ஒட்டாதீர்கள். தபால் முத்திரை குத்தும்போது உறை கிழியும். ஜனவரி 5-க்குள் 60-ஐயும் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.