கட்டம், கேள்விக்குறி, கந்தரகோளம்: கணினியில் சீன எழுத்து

சீனாவில் மருத்துவம் படிப்பவர்கள், குவாங்சோவிலிருந்து இயந்திரம் தருவிப்பவர்கள், மலேசியாவில் அச்சு வேலை செய்பவர்கள் என்று பலரும் இந்த முறை சீன எழுத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பதில்களுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். எழுத்து சிதைந்து தெரியும் கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடுங்கள். ஏன் என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் தானாக உருவாகும் பிடிஎஃப் ரசீதில், சீன வாடிக்கையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வருகின்றன. டேட்டாபேஸில் பெயர் சரியாக இருக்கிறது. (சென்னை)

கட்டம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தகவல் பத்திரமாக இருக்கிறது, அதை வரைந்து காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சர்வர்களில் பெரும்பாலும் எழுத்துருக்களே போடுவதில்லை. உபுண்டு, டெபியன் என்றால் நோட்டோ சிஜேகே (சீனம், ஜப்பானியம், கொரியன்) எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள். கூகுளும் அடோபியும் சேர்ந்து 2014இல் இலவசமாக வெளியிட்ட எழுத்துரு இது. ஓர் எழுத்துருக் கோப்பில் 65,535 வடிவங்கள்தான் அடங்கும். அந்த எல்லை வரை நிரப்பியிருக்கிறார்கள். நிறுவிய பிறகும் கட்டம் வந்தால், பிடிஎஃப் உருவாக்கும் நிரலில் எழுத்துருவின் பெயரைக் குறிப்பாகக் கொடுத்து, கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கச் சொல்லுங்கள். பொதியாமல் விட்டால் உங்கள் கணினியில் சரியாகத் தெரிவது வாடிக்கையாளர் கணினியில் மறுபடி கட்டமாகிவிடும்.

கேள்வி: சீன நிறுவனம் அனுப்பிய விலைப்பட்டியல் சிஎஸ்வி கோப்பாக வருகிறது. எக்செல்லில் திறந்தால் புள்ளியும் கோடும் போட்ட ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. அவர்களைக் கேட்டால் "இங்கே நன்றாகத்தான் தெரிகிறது" என்கிறார்கள். (திருப்பூர்)

அவர்கள் சொல்வது உண்மை. கோப்பில் கோளாறு எதுவும் இல்லை. எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் எந்த முறையில், எழுதியது என்று தெரியாமல் எக்செல் வேறொன்றில் படிக்கிறது.

சீன எழுத்துக்கு மூன்று பெரிய குறியாக்கக் குடும்பங்கள் உண்டு. சீனாவில் 1980இல் ஜிபி 2312 என்ற தரம் வந்தது. அது விரிந்து ஜிபிகே ஆனது, பிறகு ஜிபி 18030 ஆனது. தைவானில் 1984இல் பிக்5 வந்தது, ஹாங்காங்கும் அதையே எடுத்துக்கொண்டது. மூன்றாவது, இன்று எல்லோருக்கும் பொதுவான யூனிகோட். அதைக் கோப்பில் எழுதும் வழக்கமான முறை யுடிஎஃப்-8. மூன்றிலும் ஒரே எழுத்துக்கு வேறு வேறு எண்கள்.

வந்திருப்பது எந்தக் குடும்பம் என்பதைச் சிதைவைப் பார்த்தே ஊகிக்கலாம். யுடிஎஃப்-8இல் அன்றாடச் சீன எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அலகு). அதை ஐரோப்பியக் குறியாக்கத்தில் படித்தால், மூன்றுக்கு ஒன்றாக ஒரு சின்ன ஆங்கில எழுத்து வந்துகொண்டே இருக்கும்: மேலே புள்ளியோ வட்டமோ வைத்த ஏ, கீழே கொக்கி போட்ட சி, தலையில் சாய்கோடு போட்ட ஈ. தமிழும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்தான். தமிழ் சிதையும்போது கோடு போட்ட ஒரே ஒரு சின்ன ஏ மட்டும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள். சீனத்தில் அந்த இடத்தில் ஐந்தாறு எழுத்துகள் மாறி மாறி வரும். ஜிபிகே என்றால் ஓர் எழுத்துக்கு இரண்டே பைட். சிதைவில் புள்ளி, கோடு போட்ட பெரிய எழுத்துகளும் இடையிடையே பாகைக்குறி, கூட்டல்-கழித்தல் குறி போன்றவையும் தலைகாட்டும்.

இனி வழி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்க வேண்டாம். வெற்று எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். "ஃபைல் ஆரிஜின்" என்ற பட்டியலில் 65001 என்றால் யுடிஎஃப்-8, 936 என்றால் ஜிபிகே, 950 என்றால் பிக்5. மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், கீழே முன்னோட்டம் உடனே மாறும். சீன விண்டோஸில் எக்செல் வழியாக வழக்கமான சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பு என்றால் பெரும்பாலும் 936தான். அடுத்த முறை "சிஎஸ்வி யுடிஎஃப்-8" வகையில் சேமித்து அனுப்பச் சொன்னால் இந்த வேலையே இல்லை.

ஒரு சிக்கல் பாக்கி. 936 வைத்ததும் திரை முழுக்கச் சீன எழுத்து வந்துவிட்டால், சரியாகிவிட்டது என்றுதான் சீனம் தெரியாதவர் நினைப்பார். யுடிஎஃப்-8 கோப்பை ஜிபிகே என்று படித்தாலும் சீன எழுத்துகள்தான் வரும், ஆனால் யாருமே எழுதாத அபூர்வ எழுத்துகளாக வரும். நடுநடுவே ஜப்பானியக் கதக்கானா எழுத்து எட்டிப் பார்த்தால் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். தவறாகப் படித்த மென்பொருள், புரியாத பைட்களை எல்லாம் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட ஒரே குறியாக மாற்றிவிடும். சேமித்தால் கோப்பில் அந்தக் குறிதான் இருக்கும், மூலம் போயே போய்விட்டது. சீன நிரலாளர்களிடம் "குன் ஜின் காவ்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அந்த மாற்றுக்குறி யுடிஎஃப்-8இல் மூன்று பைட். இரண்டு குறி அடுத்தடுத்து வந்தால் ஆறு பைட். ஆறையும் ஜிபிகே இரண்டிரண்டாகப் பிரித்தால் இந்த மூன்று எழுத்துகள் கிடைக்கும். ஒரு கோப்பில் இவை வரிசையாக வந்தால் அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது, மூலத்தைத்தான் மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: சிப் (ZIP) என்ற சுருக்கிய கோப்பைப் பிரித்தால் உள்ளே கோப்புகளின் பெயர் மட்டும் சிதைந்திருக்கிறது. திறந்தால் உள்ளடக்கம் சரியாக இருக்கிறது. (கோவை)

சிப் வடிவத்தில் பெயர் யுடிஎஃப்-8இல் இருக்கிறது என்று குறிக்கும் வசதியே 2006இல்தான் வந்தது. சீன விண்டோஸில் சுருக்கிய கோப்புகளில் பெயர் பெரும்பாலும் ஜிபிகேயில்தான் இருக்கும். பாண்டிசிப் மென்பொருளில் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. மேக்கில் தி அன்ஆர்க்கைவர் தானே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஒரு பழைய மென்பொருளை நிறுவினால் எல்லாப் பொத்தான்களிலும் கேள்விக்குறிதான். என் லேப்டாப் இந்தியாவில் வாங்கியது. (சீனாவில் படிக்கும் மாணவி)

அது யூனிகோடுக்கு முந்தைய பாணியில் எழுதிய மென்பொருள். விண்டோஸ் சீனத்தில் இருக்கிறது என்று நம்பி ஓடுகிறது. கண்ட்ரோல் பேனலில் ரீஜியன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பக்கம், "சேஞ்ச் சிஸ்டம் லொகேல்". லொகேல் என்பது பழைய மென்பொருள்களுக்கான மொழி அமைப்பு. அங்கே சைனீஸ் சிம்ப்ளிஃபைட் (எளிய சீனம்) என்று மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸின் மெனுக்கள் மாறாது, இத்தகைய பழைய மென்பொருள்கள் மட்டும் சீனத்தில் தெரியும். அதே பெட்டியில் யுடிஎஃப்-8 பற்றி ஒரு பீட்டா தேர்வு இருக்கும். அதைத் தொடாதீர்கள், இந்த மென்பொருளுக்கு 936தான் வேண்டும்.

வீட்டில் யாராவது அதே கணினியில் டிஸ்கி, டாப் போன்ற பழைய தமிழ்க் குறியாக்கக் கோப்புகளைப் பழைய மென்பொருளில் திறப்பவராக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அந்தக் குறியாக்கங்கள் தமிழை வைத்திருப்பது 128க்கு மேற்பட்ட இடங்களில். ஜிபிகே அவற்றை இரண்டிரண்டாகக் கோத்துச் சீன எழுத்தாக்கிவிடும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது. லொகேலைத் திருப்பி வைத்தால் தமிழ் வந்துவிடும். மாற்றவே வேண்டாம் என்றால், ஒரு மென்பொருளை மட்டும் சீன லொகேலில் ஓட்ட லொகேல் எமுலேட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது.

கேள்வி: சீனம் கற்க ஆரம்பித்திருக்கிறேன். தமிழை ஆங்கில ஒலிப்பில் தட்டுவது போலச் சீனத்தையும் தட்ட முடியுமா? தனி விசைப்பலகை வாங்க வேண்டுமா? (மதுரை)

வாங்க வேண்டாம். சீனாவில் விற்கும் விசைப்பலகையிலும் சாதாரண ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. விண்டோஸில் மொழிகள் பக்கத்தில் சைனீஸ் சிம்ப்ளிஃபைட் சேருங்கள், மைக்ரோசாஃப்ட் பின்யின் கூடவே வரும் (பின்யின் என்பது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை). விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

தமிழ் ஒலிப்பு முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று. தமிழில் தட்டியதும் எழுத்து முடிவாகிவிடும். சீனத்தில் ஓர் ஒலிக்குப் பல எழுத்துகள். "ஷி" என்று தட்டினால் பத்து, நேரம், நகரம், கவிதை எல்லாம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும், ஏனென்றால் தொனியை நாம் தட்டுவதில்லை. எண்ணை அழுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் ஓர் எழுத்து தட்டி, தேர்ந்தெடுத்து, அடுத்த எழுத்து தட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முழுச் சொல்லையோ முழு வாக்கியத்தையோ இடைவெளி விடாமல் தட்டுங்கள். "வோ ஷி யின்துரென்", அதாவது "நான் இந்தியன்" என்று ஒரே மூச்சில் தட்டினால், எந்த "ஷி" என்பதைச் சூழலை வைத்து மென்பொருளே சரியாகப் பிடித்துவிடும். பழகிய பிறகு ஒவ்வொரு அசையின் முதலெழுத்தை மட்டும் தட்டினாலும் போதும்.

இரண்டு நுணுக்கங்கள். மேலே இரண்டு புள்ளி வைத்த யூ வரும் இடத்தில் வி எழுத்தைத் தட்டுங்கள். பச்சை என்ற சொல்லுக்கு எல், வி. இரண்டு அசைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் நடுவில் ஒற்றை மேற்கோள் போடுங்கள். சியான் நகரின் பெயரை அப்படிப் பிரிக்காமல் தட்டினால் "சியென்" என்ற ஒரே அசையாக எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், கடவுச்சொல்லும் இணைய முகவரியும் தட்டும்போது ஷிஃப்டை ஒருமுறை தட்டி ஆங்கில நிலைக்கு வந்துவிடுங்கள். சீன நிலையில் வரும் காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் அகலமான தனிக் குறிகள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கணினிக்கு அவை வேறு. நிரல் ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஒலி வழி மட்டும்தான் உண்டு என்றில்லை. எழுத்தின் உறுப்புகளை வைத்துத் தட்டும் முறைகள் உண்டு: வாங் யோங்மின் 1983இல் உருவாக்கிய வூபி, அதற்கும் முன்பே 1976இல் தைவானில் வந்த சாங்ஜியே. வூபியில் எந்த எழுத்தும் நான்கு விசைக்குள் முடியும். ஆனால் எழுத்தின் அமைப்பு மனப்பாடமாக இருக்க வேண்டும். கற்கத் தொடங்கும்போது பின்யின்தான் நல்லது, உச்சரிப்பும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

கேள்வி: நாலு மொழிக் கையேடு வடிவமைக்கிறேன். சீனப் பகுதியைப் பார்த்த நண்பர் "எழுத்து ஜப்பான் மாதிரி இருக்கிறது" என்கிறார். உரையை அப்படியேதான் ஒட்டினேன். (கோலாலம்பூர்)

உங்கள் நண்பரின் கண் கூர்மையானது. யூனிகோட், சீனா, தைவான், ஜப்பான், கொரியாவுக்குப் பொதுவான எழுத்துகளுக்கு ஒரே எண்ணைத்தான் கொடுத்திருக்கிறது. வடிவத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன வேறுபாட்டை எழுத்துருவின் பொறுப்பில் விட்டுவிட்டது. எலும்பைக் குறிக்கும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்பகுதிக்குள் இருக்கும் குட்டி மடிப்பு சீனாவில் இடப்பக்கம், தைவானிலும் ஜப்பானிலும் வலப்பக்கம். "நேர்" என்ற பொருள் தரும் எழுத்தில் ஜப்பானிய வடிவத்துக்கு இடப்புறம் வளைந்து அடியில் ஓடும் கோடு உண்டு.

ஆக, உரை சரி, எழுத்துரு தவறு. நோட்டோ எழுத்துருவில் எஸ்சி (எளிய சீனம்), டிசி (மரபுச் சீனம்), ஹெச்கே (ஹாங்காங்), ஜேபி (ஜப்பான்), கேஆர் (கொரியா) என்று தனித்தனியாக வரும். நீங்கள் ஜேபியை எடுத்திருப்பீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளியில் கற்பிப்பது சீனாவைப் போலவே கோடு குறைத்த எளிய எழுத்து, எனவே எஸ்சி போடுங்கள். இணையப் பக்கம் என்றால் ஹெச்டிஎம்எல்லில் அந்தப் பகுதி எளிய சீனம் என்று மொழியைக் குறித்துவிடுங்கள், உலாவி சரியான எழுத்துருவை எடுக்கும். சீனத்தைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த எழுத்துக்குச் சாய்வு மரபு இல்லை, மென்பொருள் இழுத்துச் சாய்ப்பது பார்க்கவே சங்கடமாக இருக்கும். தமிழ்ப் பலகையில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நின்றால் நமக்கு எப்படி இருக்கிறது? அவர்களுக்கும் அப்படித்தான். அச்சுக்குப் போகும் முன் சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: தைவான் வாடிக்கையாளருக்காக எளிய சீன உரையை மரபு எழுத்துக்கு மாற்ற வேண்டும். ஏதாவது கருவி? (சிங்கப்பூர்)

வேர்டிலேயே ரிவ்யூ பக்கத்தில் இருக்கிறது, ஓப்பன்சிசி என்ற திறமூலக் கருவியும் நன்றாகச் செய்யும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் சில்லறைக் கருவிகளை மட்டும் நம்பாதீர்கள். முகமும் நூடுல்ஸும் எளிய எழுத்தில் ஒன்றுதான், மரபில் இரண்டு. "அனுப்பு"வும் தலைமுடியும் அப்படியே. சூழல் பார்க்காமல் மாற்றினால் உணவுப் பட்டியலில் முகம் விற்பனைக்கு வந்துவிடும். சொல்லே மாறுவதும் உண்டு: மென்பொருளுக்குச் சீனாவில் ருவான்ஜியென், தைவானில் ருவான்தி.

கேள்வி: எங்கள் மாணவர் பதிவேட்டில் சில சீனப் பெயர்கள் மட்டும் பாதியில் அறுந்து நிற்கின்றன. மற்றவை சரி. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பயன்படுத்துகிறோம். (யாழ்ப்பாணம்)

அட்டவணை "யுடிஎஃப்8" என்று இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயருக்கு மூன்று பைட் வரைதான் பொருள். அபூர்வ எழுத்துகளுக்கு நான்கு பைட் வேண்டும். அங்கே வந்ததும் அது வெட்டிவிடுகிறது. "யுடிஎஃப்8எம்பி4" என்று அட்டவணையையும், மறக்காமல் இணைப்பையும் மாற்றுங்கள். வெட்டுப்பட்ட பெயர்களைத் திரும்பக் கேட்டுத்தான் உள்ளிட வேண்டும்.

பெயர்களில் அபூர்வ எழுத்து வருவது அங்கே சாதாரணம். 1998 முதல் 2003 வரை சீனப் பிரதமராக இருந்த ஜூ ரோங்ஜியின் பெயரில் உள்ள "ரோங்" எழுத்தே ஜிபி 2312இன் 6,763 எழுத்துகளில் கிடையாது, ஜிபிகேயில்தான் சேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் ஜிபி 18030 தரம் 87,887 சீன எழுத்துகளைக் கொண்டது. தன் பெயரைத் தன் பதிவேட்டில் சரியாகப் பார்ப்பது ஒரு மாணவரின் உரிமை, உங்கள் பள்ளியிலும் அது கிடைக்கட்டும்.

கேள்வி: பலகையில் ஓர் எழுத்தைப் பார்க்கிறேன், ஒலி தெரியாது. எப்படித் தட்டுவது? (திருச்சி)

வரைந்து காட்டுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் சீன விசைப்பலகையில் கையெழுத்து முறை இருக்கிறது, மேக்கில் டிராக்பேடிலேயே விரலால் எழுதலாம். கோடுகளை மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக எழுதினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கிடைத்த எழுத்தை அகராதியில் ஒட்டினால் பின்யின் தெரிந்துவிடும்.