முதல் நாவல் எழுதுகிறவர் தினமும் எழுதியே ஆக வேண்டுமா?

"தினமும் ஆயிரம் சொல் எழுதாதவன் எழுத்தாளனே இல்லை" என்று உங்களிடம் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு வேறு யாரோ துணி துவைத்துப் போடுகிறார்கள் என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

நீங்கள் கேட்டது மூன்று. வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுத முடியுமா, பிடித்த எழுத்தாளரின் நடை ஒட்டிக்கொள்ளாதா, முதல் நாவலை வைத்து எவ்வளவு தூரம் ஆசைப்படலாம். வேலைக்குப் போவதை நீங்கள் ஏதோ உடல்குறைபோல எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் இந்தப் பதில். என் முதல் நாவல் வந்த சமயம் ஒரு கூட்டத்தில் என்னை "ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்" என்று அறிமுகம் செய்தார்கள். ஓய்வு நேரமாம்! அப்படி ஒன்று கிடைத்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்லும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சானது. எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீஃபாக, அதாவது கீழ் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். ஆக, தமிழ் நாவலே உத்தியோகம் பார்த்த ஆளிடம் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறை அதிகாரி. விடியற்காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொல் என்று எழுதினார். மொத்தம் 47 நாவல். இதைச் சொன்னால் உடனே ஒருவர் "அதனால்தான் அவர் இலக்கியமாகவில்லை" என்பார். காஃப்காவும் காப்பீட்டு அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார் என்றால், "அவர் ஒரு நாவலையும் முடிக்கவில்லையே" என்பார் இன்னொருவர். உண்மைதான், அவருடைய மூன்று நாவல்களும் முற்றுப்பெறாதவை. அதற்கு அலுவலகத்தின் மீது மட்டும் பழி போட முடியாது என்பது என் கட்சி.

டிரோலப் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. காலையில் உட்கார்ந்தால் மூளை அன்றைய வேலைப் பட்டியலைத்தான் எழுதும். நான் எழுதியது பெரும்பாலும் விடுமுறை நாட்களில். மற்ற நாட்களில் எழுத மாட்டேன், ஆனால் கோப்பைத் திறக்காமல் படுக்கவும் மாட்டேன். கடைசிப் பக்கத்தைப் படிப்பேன், ஒரு காற்புள்ளியை எடுப்பேன், அவ்வளவுதான். கதை நம்மை மறந்துவிடக் கூடாது, பாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்று ஹெமிங்வே சொன்னது எனக்கு அப்படியே பலித்தது. அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்தால் அடுத்த முறை வெறும் திரை நம்மை முறைக்கும். வாக்குவாதத்தின் நடுவில், ஒருத்தி வாயைத் திறக்கும் இடத்தில் நிறுத்தினால், மறுபடி உட்காரும்போது அவள் பேசிவிடுவாள்.

ஒருமுறை அலுவலகத்தில் தணிக்கை வந்து, கோப்பைத் திறக்கக்கூட முடியாமல் நீண்ட இடைவெளி விழுந்தது. அதற்கு முந்தைய அத்தியாயத்தில் என் நாயகி மரகதம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தாள். திரும்பி வந்து நான் எழுதிய பக்கங்களில் அவள் பூட்டைத் திறக்கிறாள், வாளியைத் தூக்குகிறாள், நிதானமாக உட்கார்ந்து தங்கைக்குக் கடிதமும் எழுதுகிறாள். கைப்பிரதியைப் படித்த தோழி ஓரத்தில் பென்சிலால் "கட்டை எப்போ பிரிச்சாங்க?" என்று கேட்டிருந்தாள். அதைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தோன்றியது: மரகதம் யாரையும் கேட்காமல் தானே கத்தரிக்கோலை எடுத்துப் பிரித்திருந்தால்? இடது கையால், மாவு உதிர உதிர, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து. அவள் அப்படிப்பட்டவள்தான் என்று அதுவரை எனக்கே தெரியாது. நாவலில் எல்லோரும் பாராட்டும் அத்தியாயம் இன்றைக்கும் அதுதான். இது தற்செயல், இதை வைத்து விதி சொல்லாதே என்பீர்கள். ஆமாம், தற்செயல்தான். ஆனால் தினமும் ஆயிரம் சொல் அடித்துக்கொண்டிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

அதன்பிறகு ஒரு நீளத்தாள் வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு வரி: வயது, காயம், கடன், எந்த அத்தியாயத்தில் எங்கே இருக்கிறார். எல்லாவற்றையும் விட உதவியது கடைசிக் கட்டம்: யாருக்கு எந்த ரகசியம் எப்போது தெரியவருகிறது. முதல் நாவலில் கதை குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இவளுக்குத் தெரியாத விஷயத்தை வைத்து இவளையே அழவிட்டிருப்போம்.

நடை ஒட்டிக்கொள்வது பற்றி: ஒட்டட்டும். அமெரிக்க எழுத்தாளர் ஹண்டர் தாம்சன், எழுத்து நடை பழகுவதற்காக, ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவலை வரிக்கு வரி தட்டச்சு செய்து பார்த்தவர். கடைசியில் அவர் எழுதியது ஃபிட்ஸ்ஜெரால்ட் மாதிரியா இருந்தது? கடன் வாங்கிய வாக்கியம் வாய்விட்டுப் படித்தால் காட்டிக்கொடுத்துவிடும். நம் பாத்திரத்தின் வாயில் அது நுழையாது. நான் எழுதிய காலத்தில் எனக்குப் பிடித்தவரை ஒதுக்கவில்லை, கூடவே நீதிமன்றத் தீர்ப்புகளையும் படித்தேன். சாட்சி சொல்வதை அலங்காரமில்லாமல் எழுதியிருப்பார்கள், எழுதுகிற கைக்கு நல்ல பத்தியம். வாக்கியம் ஒட்டிக்கொண்டால் திருத்தத்தில் உதிர்ந்துவிடும். ஆனால் நமக்குப் பிடித்த எழுத்தாளர் எதைக் கண்டு இரங்குவாரோ அதைக் கண்டுதான் நமக்கும் இரக்கம் வருகிறது என்றால் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஆசையா? எனக்கு விருது ஆசை இருந்தது. இருந்தால் என்ன? "நான் எனக்காக மட்டுமே எழுதுகிறேன்" என்கிறவர்கள் எதற்குப் பதிப்பாளரைத் தேடுகிறார்கள் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. விருது வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் மரகதத்தின் மீது கோபப்பட்டு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினார், அது வந்தது. வயதாகிவிட்டதே என்று மட்டும் கவலைப்படாதீர்கள். கோபல்ல கிராமம் 1976இல் வந்தபோது கி.ரா. ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஆங்கில எழுத்தாளர் பெனலோபி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல் 1977இல் வெளியானபோது அவருக்கு வயது 60.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எந்தக் கணினியிலும் தமிழ் எழுத்து மாறாமல் தெரிய வைக்கும் யூனிகோடு குறியீடு வந்து எத்தனை காலம் ஆகிறது! ஆனாலும் என் நாவலைப் பக்கம் வடிவமைத்தவர் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளை விடவில்லை. அதற்கு யூனிகோடு தெரியாது. எனவே முழுப் பிரதியையும் பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றினார்கள். மாற்றியதில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, 'கொடு' எல்லாம் 'கோடு' ஆகி, மேற்கோள் குறிகள் இருந்த இடத்தில் ஏதேதோ எழுத்துகள் முளைத்தன. இரண்டு வருட உழைப்பை எழுத்தெழுத்தாக மறுபடி சரிபார்த்தேன். கேட்டால், "எல்லா எழுத்தாளர்களும் இப்படித்தான் பார்த்துத் தருகிறார்கள்" என்றார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் "பிடிஎஃப் கொடுத்திருக்கலாமே" என்று ஆரம்பிக்க வேண்டாம், கொடுத்தேன். அதைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்யலாமா என்று கேட்டார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பக்க வடிவமைப்பை யூனிகோடிலேயே செய்கிறார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராயல்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.